ஆற்றைக் காட்டிக்கொடுத்த சாயம், செல்லுக்குள் போன கதை

இன்னைக்கு ஒரு சாயத்தோட கதை. பேரு ஃப்ளூரசீன். 1871-ல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் உருவாக்கினார். தண்ணீரில் துளி கரைச்சு நீல ஒளியில் காட்டினா, பச்சையா ஒளிரும்.

இதுக்குக் கிடைச்ச ஆரம்பகால வேலைகளில் ஒன்னு, ஆற்றில். தெற்கு ஜெர்மனியில் டான்யூப் ஒரு இடத்தில் நிலத்துக்குள் இறங்கி மறைஞ்சிடும். அந்தத் தண்ணி எங்கே போகுதுன்னு தகராறு. 1877 அக்டோபரில் அங்கே சுமார் 10 கிலோ சாயத்தைக் கொட்டினாங்க. ஏறக்குறைய 60 மணி நேரம் கழிச்சு, 12 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஹ் ஊற்று பச்சையா பொங்குச்சு. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணி, ரைன் நதிக்குப் போய்க்கிட்டு இருந்தது அம்பலமாச்சு.

ஆற்றில் கொட்டினா, தண்ணியே சாயத்தை இழுத்துட்டுப் போயிடும். செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள். எதில் ஒட்டணும்னு சாயத்துக்குத் தெரியாது. அதுக்கு ஒரு முகவரி வேணும்.

1939-ல் பெர்லின் போயிருந்த அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ், ருமாட்டிக் காய்ச்சலைப் பற்றி யோசிச்சிட்டிருந்தார். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்துபோன பிறகு இதயத்தைத் தாக்கும் நோய் அது. பாதிக்கப்பட்ட திசுவில் அந்த பாக்டீரியாவின் மிச்சம் இருக்கா? கண்ணால் பார்க்க வழி இல்லை. ஆனா ஆன்டிபாடிக்கு அதோட இலக்கு தெரியும். சாயத்தை அதோட முதுகில் ஏத்தி அனுப்பினா?

ஹார்வர்டில் வேதியியலாளர்களோட சேர்ந்து முயற்சி பண்ணினார். 1941-ல் ஒட்டினது நீலமா ஒளிரும் ஆந்த்ரசீன் சாயம். ஒட்டுச்சு, ஒளிர்ந்துச்சு. சிக்கல் என்னன்னா, திசுவும் இயல்பாவே நீலமா ஒளிரும். நம்ம பாஷையில், சிக்னல் நாய்ஸில் மூழ்கிடுச்சு. 1942-ல் ஃப்ளூரசீனுக்கு மாறினாங்க. எலியின் திசுவில் நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் பொருள் இருந்த இடம் மட்டும் பச்சையா தெரிஞ்சது.

ஆனா சாயத்தை ஒட்டவைக்க, முதல் உலகப் போரில் விஷவாயுவா பயன்பட்ட பாஸ்ஜீன் தேவைப்பட்டுச்சு. எத்தனை லேப் துணியும்? 1958-ல் கன்சாஸ் பல்கலைக்கழகக் குழு, நிலையா இருக்கும் எஃப்.ஐ.டி.சி. வடிவத்தை வெளியிட்டப்புறம்தான் இது சாதாரண லேப் வேலையா பரவுச்சு.

இன்னொரு தடை: எடை. ஆன்டிபாடி, ஃப்ளூரசீனைவிட சுமார் 450 மடங்கு கனம். உயிரோட இருக்கும் செல்லுக்குள் தானா நுழையாது. அதனால பெரும்பாலும் செல்லைக் கொன்னு, உறையவெச்ச மாதிரி நிலைப்படுத்திதான் பார்க்கணும். பிறகு வந்த ஜி.எஃப்.பி. உயிருள்ள செல்லில் வேலை செஞ்சது. ஆனா அதுவும் 238 அமினோ அமிலம் கொண்ட முழுப் புரதம். ஓடிக்கிட்டிருக்கும் சிஸ்டத்தில் லாக் எழுதப் போய், அந்த லாக்கே சிஸ்டத்தை மாத்திட்டா?

ஜி.எஃப்.பி.க்காக 2008-ல் நோபல் பகிர்ந்துகொண்ட ரோஜர் சியெனுக்கும் இந்தக் கேள்வி இருந்தது. 1998-லேயே அவர் குழு பழைய ஃப்ளூரசீனில் ரெண்டு ஆர்சனிக் அணுக்களைச் சேர்த்தது. ஆய்வு செய்ய வேண்டிய புரதத்தில், நாலு சிஸ்டீன் கொண்ட ஒரு குட்டி வரிசையை மரபணு வழியா சேர்த்தாங்க. சாயம் செல்லுக்குள் நுழைஞ்சு, அந்த வரிசையைப் பிடிச்ச பிறகுதான் நல்லா ஒளிரும்.

1871-லேயே ஒளி நம்ம கையில் இருந்தது. அதுக்கு முகவரி எழுதத்தான் இத்தனை வருஷம். இன்னைக்கும் லூபஸ் சந்தேகத்தில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஏ.என்.ஏ. பரிசோதனையின் ஒரு முறையில், மைக்ரோஸ்கோப்பில் அந்தப் பச்சையைத்தான் தேடுறாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.