துடுப்பு போட்டு குண்டான மனுஷன்

சாப்பாட்டைக் குறைச்சாச்சு, தினமும் ஓடியும் ஆச்சு. மூணு மாசம் கழிச்சு மெஷின்ல ஏறினா முள்ளு அதே எடத்துல நிக்குது. இப்படிப் புலம்புறவங்களைப் பார்த்து நாம கேக்குற முதல் கேள்வி என்ன? "நிஜமாவே டயட்ல இருக்கியா, இல்ல ராத்திரி யாருக்கும் தெரியாம ஃப்ரிட்ஜைத் திறக்கறியா?" அவங்க சொல்றதை நம்ப நமக்கு மனசே வராது.

இந்த நம்பாத குணம் இன்னிக்கு நேத்து வந்ததில்லை. 160 வருஷத்துக்கு முந்தியே லண்டன்ல ஒருத்தர் இதுல மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கார். பேரு வில்லியம் பேன்டிங். தொழில், இறுதிச் சடங்கு ஏற்பாடு. சாதாரண ஆள் இல்லீங்க, பிரிட்டிஷ் அரச குடும்பத்து இறுதிச் சடங்குகளையே நடத்தின குடும்பம். காசுக்கோ மரியாதைக்கோ குறைச்சல் கிடையாது. ஆனா உடம்பு பெருத்துக்கிட்டே போகுது. உயரம் 5 அடி 5 அங்குலம். 1862-ல வயசு 65, எடை 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியலை. மாடிப்படியில இறங்கும்போது முட்டி தாங்காதுன்னு பின்பக்கமா, ஒவ்வொரு படியா இறங்குவாராம். நாலு பேர் கூடுற எடத்துக்குப் போனா கிண்டல் வேற. அதனாலயே பல எடங்களுக்குப் போறதை நிறுத்திட்டார்.

மனுஷன் சும்மாவும் இல்லை. எடை ஏற ஆரம்பிச்ச காலத்துலயே ஒரு பெரிய டாக்டர்கிட்ட போனார். "உடம்பை அசைங்க, நல்லா வேர்க்க வேலை செய்யுங்க"ன்னார் அவர். வீடு ஆத்தங்கரை பக்கம். கனமான படகு ஒண்ணு வச்சுக்கிட்டு தினமும் விடியகாலையில ரெண்டு மணி நேரம் துடுப்பு போட்டார். என்ன ஆச்சு? கைகால் முறுக்கேறிச்சு. கூடவே அகோரப் பசியும் வந்துச்சு. பசிக்குச் சாப்பிட்டார், எடை ஏறிச்சு! கடைசியில அதே டாக்டரே "சரி, துடுப்பு வேணாம் விட்ருங்க"ன்னு சொல்லிட்டார். :-)

அப்புறம் நடை, குதிரை சவாரி, கடல் காத்து, ஊர் ஊரா ஊற்றுத் தண்ணி வைத்தியம், பட்டினி, துருக்கிக் குளியல்னு எதையும் பாக்கி வைக்கலை. ஆவியில உக்கார்ந்து உக்கார்ந்து எழுந்ததுல மொத்தமா குறைஞ்சது 6 பவுண்டு. ஆஸ்பத்திரிக் கணக்கெல்லாம் தனி.

வழி பொறந்தது எதேச்சையா. காது சரியா கேக்கலைன்னு 1862 ஆகஸ்ட்ல வில்லியம் ஹார்வின்னு ஒரு காது டாக்டரைப் பார்க்கப் போனார் (ரத்த ஓட்டம் கண்டுபிடிச்ச ஹார்வி வேற, அவர் 200 வருஷம் முந்தி). இந்த ஹார்வி பாரிஸ் போயிருந்தப்போ க்ளோத் பெர்னார்ட், கல்லீரலும் சர்க்கரையும் பத்திப் பேசினதைக் கேட்டவர். பிரெட், பால், வெண்ணெய், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னார். பதிலுக்கு மாமிசம், மீன், காய்கறி. மதியம் ரெண்டு மூணு கிளாஸ் ஒயின், ராத்திரி சாப்பாட்டோட ஒண்ணு ரெண்டு, படுக்கப் போகும்போது இன்னொண்ணு. இந்த டயட் சார்ட்டைப் படிச்சா நம்மூர் டயட்டீஷியன் மயங்கி விழுந்துடுவாங்க. ஆனா சுமார் ஒரு வருஷத்துல 46 பவுண்டு, சுமார் 21 கிலோ, இறங்கிடுச்சு. காதும் கேக்க ஆரம்பிச்சுதாம்.

1863-ல சொந்தக் காசுல சின்னப் புத்தகமா அச்சடிச்சு இலவசமாக் குடுத்தார். பிச்சிக்கிட்டுப் போச்சு. 'பேன்ட்'ங்கிறது டயட் இருக்கறதுக்கு ஆங்கிலத்துல ஒரு வினைச்சொல்லாவே ஆச்சு. ஸ்வீடன்ல இன்னிக்கும் டயட் இருக்கறதுக்கு 'பான்டா'ன்னுதான் சொல்றாங்க. மருத்துவ உலகம் மட்டும் கிண்டலடிச்சது. டாக்டர் இல்லாத ஆளு வைத்தியம் சொல்றதான்னு. பேன்டிங் 1878-ல 81 வயசுல இறந்தார்.

மாவைக் குறைக்கறதா கொழுப்பைக் குறைக்கறதாங்கிற சண்டைக்கு நான் போகலை. எனக்குப் பிடிச்சது அந்தப் படகுதான். உடற்பயிற்சி செஞ்சும் ஏன் இறங்கலைங்கிற கேள்விக்கு "பசி"ன்னு ஒரே வார்த்தையில நேர்மையா பதில் எழுதி வச்சிருக்கார். சோம்பேறித்தனம்னு அவரைச் சொல்ல யாராலயும் முடியாது.

ஆனா பசியை அடக்கிட்டா? பூட்டி வச்சு, அளந்து போட்டு, நடக்கவும் வச்சா? அதையும் செஞ்சு பார்த்திருக்காங்க.

1944 நவம்பர். இரண்டாம் உலகப்போர் முடியப்போகுது, ஐரோப்பாவுல கோடிக்கணக்கான ஜனம் பட்டினி. அவங்களுக்கு எப்படி மறுபடி சாப்பாடு குடுத்துத் தேத்தறதுன்னு தெரியணும். மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்ங்கிற விஞ்ஞானி 36 இளைஞர்களைச் சேர்த்தார். போர்ல துப்பாக்கி தூக்க மாட்டோம்னு மனசாட்சிப்படி மறுத்தவங்க, தானா முன்வந்தாங்க. தங்கினது ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு அடியில. முதல் 12 வாரம் தினம் 3200 கலோரி. அடுத்த 24 வாரம் சுமார் 1570. உருளைக்கிழங்கு, டர்னிப், பிரெட், மக்ரோனி. கூடவே வாரத்துக்கு 22 மைல் நடை. 1570 கலோரியும் தினம் நடையும்... இன்னிக்கு எந்த ஜிம்லயும் எழுதிக் குடுக்கற சார்ட் மாதிரியே இல்ல?

எடை இறங்கிச்சு, மறுக்கலை. சராசரியா கால்வாசி. இறங்காதவனுக்கு பிரெட் துண்டைக் குறைச்சாங்க. ஆனா போகப்போக இறக்கம் மெதுவாச்சு. கடைசி வாரங்கள்ல முள்ளு கிட்டத்தட்ட நின்னே போச்சு. முதல்ல அவங்களை இளைக்க வச்ச அதே சாப்பாடு இப்ப கிட்டத்தட்டப் போதுமானதா ஆயிடுச்சு! சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி சுமார் 40 சதவீதம் குறைஞ்சிருந்தது. உடம்பே சின்னதானது அதுக்கு ஒரு காரணம். மீதி, உடம்பு தானா செலவைச் சுருக்கிக்கிட்டது. நாடி மெதுவாச்சு, கோடையிலயும் குளிருதுன்னாங்க, படியேறவே யோசிச்சாங்க. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வச்சு கதை மாதிரி படிச்சாங்க. தட்டை நக்கினாங்க. ஒருத்தர் கோடாலியால தன் விரல்களையே வெட்டிக்கிட்டார்.

இவங்க பலவீனமான மனசுக்காரங்களா? நாடே திட்டினாலும் கொள்கையை விடாத பசங்க சார்.

சாப்பாட்டைத் திருப்பிக் குடுத்தப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்கலை. தொடர்ந்து கண்காணிச்சவங்களுக்கு, போன தசை முழுசா திரும்பறதுக்கு முன்னாடியே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிடுச்சு. இதெல்லாம் 1950-ல ரெண்டு பெரிய பாகமா புத்தகமா வந்தாச்சு. அதுக்கப்புறமும் உலகம் "உள்ள போறது கழித்தல் வெளிய போறது"ன்னு ஒரே வரிச் சூத்திரத்தைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தது. சூத்திரம் தப்பில்லை. ஆனா ரெண்டு எண்ணும் தனித்தனி இல்லையே. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணும் நகருது. நம்ம பாஷையில சொன்னா ஃபீட்பேக் லூப். ஏசி அறையில ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ஏன் சூடாகலைன்னு கேக்கற மாதிரி.

இந்த லூப்ல ஒரு ஒயர் எதுன்னு 1994-லதான் தெரிஞ்சது. ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு லெப்டின் ஹார்மோனுக்கான ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. கொழுப்பு செல்லே மூளைக்கு "இருப்பு இவ்ளோ"ன்னு தகவல் அனுப்புது. கொழுப்பு குறைஞ்சா தகவலும் குறையும், மூளை பஞ்சம்னு நினைச்சுப் பசியைக் கூட்டும்.

2016-ல கெவின் ஹால் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் பிரபலம். 'தி பிக்கஸ்ட் லூசர்'னு அமெரிக்க டிவி போட்டி. 2009-ல கலந்துக்கிட்டவங்கள்ல 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு அளந்தாங்க. போட்டியில சராசரியா இழந்தது 58 கிலோ, திரும்பி வந்தது 41. அதைவிடக் கொடுமை, அவங்க உடம்பு சைஸுக்கு ஆகவேண்டிய செலவைவிட தினம் சுமார் 500 கலோரி கம்மியாத்தான் இன்னும் செலவாகுது. ஆறு வருஷம் கழிச்சும்! பக்கத்து வீட்டுக்காரர் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு அப்படியே இருப்பார், இவங்க ஏறுவாங்க. இவங்களைத்தான் ஊரு "கன்ட்ரோல் இல்லாதவங்க"ன்னு சொல்லுச்சு.

அப்ப ஓடி என்ன பிரயோஜனம்னு ஷூவைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க. அதே 14 பேரை வச்சு அடுத்த வருஷம் இன்னொரு கணக்கு வந்தது. போட்டி நடந்தப்போ யாருக்கு அதிகம் இறங்கிச்சுங்கிறது சாப்பாட்டைக் குறைச்சதோடதான் ஒத்துப்போச்சு, உடற்பயிற்சியோட இல்லை. ஆனா ஆறு வருஷம் கழிச்சும் எடை திரும்பாம பிடிச்சு வச்சிருந்தவங்க யாருன்னு பார்த்தா, உடலுழைப்பைப் பெரிய அளவுல கூட்டி, விடாம வச்சிருந்தவங்கதான்.