ஞானப்பாட்டும் கீர்த்தனையும்

ஜெர்மானியப் பாடலில் சொல்லின் அழுத்தம் எவ்வசையில் விழுகிறது என்பதே முதன்மை. தமிழிலோ குறில், நெடில் வேறுபாடே பொருளைத் தாங்குகிறது. நீண்ட சுரத்தில் அகப்பட்டால் 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். 'படு', 'பாடு' ஆகும். லுத்தரன் மெட்டுகளில் தமிழ்ச் சொற்களைப் பொருத்த முனைந்தோர் எதிர்கொண்ட இடர் இது.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1740இல் வந்த பப்ரீசியுஸ் ஜெர்மன் பாடல்கள் பலவற்றை, மெட்டு கெடாது, அசைக்கணக்குப் பிசகாது தமிழாக்கினார். இந்த ஞானப்பாட்டுகள் சிலவற்றின் நடை நமக்கு இடறத்தான் செய்கிறது. எனினும் அவற்றை ஒதுக்கிவிட இயலாது. எல்லாச் சரணங்களுக்கும் மெட்டு ஒன்றே என்பதால், முதற் சரணம் பழகிய சபை முழுப்பாடலையும் ஒரே குரலில் பாடிவிடும். புலம்பலில் தொடங்கித் துதியில் முடியும் பாடலானாலும் இசை மாறுவதில்லை; இது அவ்வெளிமைக்குக் கொடுத்த விலை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேறு வழி சென்றார். (மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்புவோர் உண்டு; அவர் கத்தோலிக்கர், பிற்காலத்தவர்.) சுவார்ட்சின் மாணாக்கரான சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் தாளம் ஆவர்த்தத்தைக் கட்டுகிறது, அதற்குள் நெடில் நீள்கிறது, குறில் விரைந்து கடக்கிறது. சொல் சிதைவதில்லை. ஒருவர் சரணத்தைப் பாட, சபை பல்லவிக்குத் திரும்பும். எழுத்தறியாதவரும் இதிற் பங்குபெறலாம். நம்மைக் கவர்வது மற்றொன்று: பாவத்தை எண்ணி வருந்தும் சரணத்தின்பின் மன்றாட்டாய் ஒலித்த அதே பல்லவி, மீட்பைப் பாடும் சரணத்தின்பின் நன்றியாய் ஒலிக்கும். சொல்லும் இசையும் அவையே. பொருள் மட்டும் வளர்கிறது.

புதிதாய் வந்த மிஷனரிகள் சிலருக்கு இது உவப்பாயில்லை. தேவாலயத்தில் தமிழிசையை விலக்கியதைக் கண்டித்து 1829இல் சாஸ்திரியார் எழுதினார். எல்லாச் சாதியினரும் ஒன்றாய் நற்கருணை பெறவேண்டும் என்ற கட்டளையையும் அப்போதே எதிர்த்தார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. இசையில் அவர் பக்கம் நிற்கும் நாம், இதில் நிற்க முடியாது.

வழக்கு இசையளவில் அவர் பக்கமே சாய்ந்தது. மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்டு வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை அச்சேற்றினார். இன்றைய பாட்டுப் புத்தகங்களிலும் கீர்த்தனைக்கு மேலே இராகமும் தாளமும் அச்சாகின்றன. பாடும்போது பல சபைகள் அவற்றைப் பார்ப்பதில்லை. ஊர்வழக்கில் வந்த மெட்டே நிலைக்கிறது. ஆர்மோனியக் கட்டைகளால் கமகத்தைத் தரவும் இயலாது. ஆனால் சரணம் முடிந்ததும் சபை பல்லவிக்குத் திரும்பும் முறை மட்டும் மாறவில்லை.