என் புத்தக அலுமாரி: வரலாறு சொல்லும் சில நூல்கள்

பல ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பின் நினைவாகப் பத்திரிகைக் கட்டுரை ஒன்று எழுதியிருந்தேன். 1981 மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்று குறிப்பிட்டு, 'யாழ்ப்பாண வைபவமாலை'யின் ஒரேயொரு பிரதியும் அன்றே சாம்பலாயிற்று, அந்நூல் இனி நமக்கில்லை என உணர்ச்சி மேலிட முடித்திருந்தேன். கட்டுரை வெளிவந்து ஒரு வாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து தபாலட்டை வந்தது. "தம்பி, நீர் தொலைந்துபோனதாகச் சொல்லும் நூல் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. வந்து வாசித்துவிட்டுத் தாரும்" என்பதே அதன் சாரம்.

போய்ப் பார்த்தேன். குல. சபாநாதன் பதிப்பித்த நூல் அது. அதற்கும் வெகுகாலம் முன்னர், 1879இலேயே, பிறிற்றோ என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சேறியிருந்தது. நூலகத்தில் எரிந்தது ஏட்டுப் பிரதி. அது சிறிய இழப்பன்று. ஏடுகளுக்கிடையே பாடபேதங்கள் உண்டு. ஓர் ஏடு அழிந்தால் ஒப்புநோக்கும் வாய்ப்பொன்று அழிகிறது. ஆனால் நூல் அழியவில்லை. நான் எந்த நூலுக்காக அழுதேனோ, அந்த நூலை ஒரு தடவையேனும் வாசித்திருக்கவில்லை என்பதே உண்மை. அன்றிலிருந்து, வாசிக்காத நூலைப் பற்றி எழுதுவதில்லை என்ற கட்டுப்பாட்டை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அதன் பயனாக வாசித்த சில நூல்கள் பற்றிய அபிப்பிராயங்களே இங்கு தரப்படுகின்றன. நான் வரலாற்றாசிரியன் அல்லன். ஒரு வாசகன் மட்டுமே.

வைபவமாலையிலிருந்தே தொடங்குகிறேன். மாதகல் மயில்வாகனப் புலவர், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க ஏறத்தாழ 1736இல் இதை எழுதினார். 'கைலாயமாலை', 'வையாபாடல்' முதலிய முன்னைய நூல்களைத் திரட்டி, யாழ்ப்பாண அரசின் கதையை உரைநடையில் தந்தார். வாசிக்கச் சுவையான நூல். கதை சொல்லும் ஓட்டம் உண்டு. ஆனால் ஆண்டுக் கணக்கை நம்பி இறங்கினால் கால் வழுக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தோற்றத்தோடு இணைத்துச் சொல்லப்படும் சக ஆண்டு 870, கி.பி. 948க்குச் சமமானது. யாழ்ப்பாண அரசின் எழுச்சியையோ ஆய்வாளர் பெரும்பாலோர் 13ஆம் நூற்றாண்டில் வைக்கின்றனர். இடையில் மூன்று நூற்றாண்டுகள்!

இந்தச் சிக்கலை நம்மவர்கள் மூடி மறைக்கவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எழுதினார். இருவரும் பல இடங்களில் முரண்பட்டனர். இராசநாயகத்தாரிடம் பரந்த தேடலும் சில வேளைகளில் மிதமிஞ்சிய துணிவும் உண்டு. சுவாமிகளிடம் ஒரு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை உண்டு. எனக்குச் சுவாமிகளின் முறையே பிடிக்கும். ஆயினும் இராசநாயகத்தார் அத்தனை தகவல்களையும் முதலில் குவித்திராவிட்டால் குறுக்கு விசாரணைக்கு வழக்கே இருந்திராது. தமது ஊரின் பழங்கதையைத் தாமே கேள்விக்குட்படுத்திய அந்தத் தலைமுறையின் துணிவு, பிற்காலத்தில் மேடையேறிய நம்மிற் பலரிடம் இருக்கவில்லை.

அடுத்து மகாவம்சம். தமிழர் வீடுகளில் இந்நூலின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களே அதிகம். சுளிப்பவர்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள் என்று கேட்டால் விடை என் பழைய கட்டுரையின் கதைதான். வில்ஹெல்ம் கைகர் 1912இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை நான் வாசித்தபோது என்னை நிறுத்திய இடங்கள் இரண்டு. முதலாவது, எல்லாளனின் நீதி வழுவாத ஆட்சியை அந்நூலே போற்றுவதும், வென்றவனே தோற்றவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி மரியாதை செய்வித்தான் என்று கூறுவதும். இரண்டாவது, அளவு. மகாவம்சத்தின் 37 அதிகாரங்களுள் 22 முதல் 32 வரையிலான 11 அதிகாரங்கள் துட்டகைமுனுவுக்கு உரியவை. அதற்கு முந்திய தீபவம்சத்திலோ அவனுடைய போர் சில அடிகளில் முடிந்துவிடுகிறது. எல்லாளன் அங்கும் 44 ஆண்டுகள் நீதியோடு ஆண்ட மன்னனே. ஆகவே ஒரு சிறு செய்தி பெருங்காவியமாக வளர்ந்தது மகாவம்ச ஆசிரியரின் கையில். அவர் பௌத்த சங்கத்தின் மகிமைக்காக எழுதிய துறவி. தமக்குக் காவியத் தலைவன் ஒருவன் தேவைப்பட்டான். இவ்வளவையும் அறிந்து வாசித்தால் அது சிறந்த நூல். அறியாமல் மேற்கோள் காட்டினால் அது ஆயுதம். அப்படி மேற்கோள் காட்டியவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள்.

மேற்கோளால் துன்புறும் இன்னொரு நூல் றொபேட் நொக்ஸினுடையது. 1660இல் கொட்டியாரப் பகுதியில் தந்தையோடு சிறைப்பட்ட இந்த ஆங்கில மாலுமி, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்து, 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் நூல் வெளிவந்தது. தப்பியோடும் வழியில் அநுராதபுரத்தில் சிங்களம் விளங்காத தமிழ் பேசும் மக்களைக் கண்டதாக அவர் எழுதியுள்ள பகுதி நம்மவர்களுக்கு மிகவும் விருப்பமானது. நானும் இரண்டு தடவை எடுத்தாண்டிருக்கிறேன். ஆனால் அது 1679இல் உயிருக்கஞ்சி ஓடிய ஒருவர் சில நாள்களில் கண்ட காட்சி. அந்த ஆண்டின் நிலைமைக்கு அது நல்ல சாட்சியம். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் யார் எங்கே வாழ்ந்தனர் என்பதற்கு நொக்ஸ் சாட்சியாக மாட்டார். நூலின் பெறுமதி வேறிடத்தில் உள்ளது: கண்டிச் சனங்களின் உழவு, உணவு, உடை, விவாகம், அரசனிடம் அவர்கள் கொண்டிருந்த அச்சம் ஆகியவற்றை அவர்களோடு வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றுப் பிழைத்த ஒருவரின் கண்ணால் காண்கிறோம். அந்தப் பக்கங்களை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

வரலாற்று நூல்களின் நடுவே ஒரு நாவலையும் வைத்திருக்கிறேன். கே. டானியலின் 'பஞ்சமர்', 1972. வைபவமாலையில் எந்த ஊரில் எந்தத் தலைவர் குடியிருத்தப்பட்டார் என்ற விபரம் உண்டு. அந்தத் தலைவர்களின் வயலில் உழைத்தவர்கள் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளலாம், எந்தத் தேநீர்க்கடை வாங்கில் இருக்கலாம், எந்தக் கோயில் வாசலோடு நிற்க வேண்டும் என்ற விபரத்தை அறிய டானியலிடம்தான் போக வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்தவற்றைப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்த மனிதர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது பத்திரிகைகளில் இல்லை. ஒரு குறையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் பாத்திரங்களை ஓரமாக நிறுத்திவிட்டுக் கட்சிப் பிரசங்கம் முன்னே வருகிறது. ஆயினும், யாழ்ப்பாணச் சமூக வரலாறு எழுதப் புகுபவர் எவரும் இந்நூலைத் தவிர்த்தால் அவர் எழுதுவது பாதி வரலாறே.

இனி, நான் மிக மதிக்கும் இரு நூல்கள். முதலாவது, லெனார்ட் வூல்ஃப் 1961இல் வெளியிட்ட தன்வரலாற்றுப் பகுதி. 1904இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் பணியாற்றி 1911இல் திரும்பியவர் அவர். வன்னிக்காடு போன்றதொரு தென்னிலங்கைக் காட்டுக் கிராமத்தின் அழிவைச் சொல்லும் அவருடைய 1913ஆம் ஆண்டு நாவலைப் பலரும் அறிவர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தன்வரலாற்றிலுள்ள ஒரு சம்பவம். யாழ்ப்பாண வீதியில் குதிரையிலிருந்த வூல்ஃப், சட்டத்தரணி ஒருவரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று முறைப்பாடு எழுந்தது. அப்படி நடக்கவேயில்லை என்று அவர் அன்று மறுத்தார். அரை நூற்றாண்டு கழித்து எழுதும்போதும் மறுக்கிறார். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார்: அந்த ஊரின் பிரதான வீதியில் தாம் அவ்வளவு ஆணவமாகக் குதிரையில் வீற்றிருந்ததே அம்மக்களுக்கு முகத்தில் அறைந்தது போலத்தான், ஆகவே அவர்களின் கோபம் நியாயமானது என்று. தாம் குற்றமற்றவர் என்பதை விட்டுக்கொடுக்காமலே மற்றவரின் நியாயத்தை ஏற்றுக்கொள்ளும் இப்பக்குவத்தை நான் வேறு அரசாங்க உத்தியோகத்தர் எவருடைய எழுத்திலும் கண்டதில்லை.

இரண்டாவது, பேராசிரியர் கா. இந்திரபாலாவின் 'இலங்கையில் தமிழர்'. ஆங்கிலத்தில் 2005இலும் தமிழில் 2006இலும் வந்தது. இவர் 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேடு, இலங்கையில் தமிழரின் நிலையான பெருங் குடியேற்றங்கள் ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டையொட்டியே உருவாகின என்ற முடிவைக் கூறியது. அச்சேறாத அந்த ஆய்வேட்டைப் பிறர் தமது அரசியலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தினர். நம்மவர்கள் அவரைத் திட்டினர். பின்னர் தொல்லியல் புதிய சான்றுகளைத் தந்தது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் கண்டெடுத்த பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை அவற்றுள் ஒன்று. நாற்பது ஆண்டுகள் கழித்து இந்திரபாலா தமது பழைய முடிவுகள் காலாவதியாகிவிட்டன என்று தாமே எழுதினார். அதேவேளை, திட்டியவர்களை மகிழ்விக்கும் புதிய கதை எதையும் அவர் சொல்லவில்லை. தமிழர், சிங்களவர் ஆகிய இரு இனத்தவருக்கும் இத்தீவின் தொல்குடிகளே பொது மூதாதையர். பெரும் படையெடுப்போ கூட்டக் குடிபெயர்வோ அல்ல, மொழியும் பண்பாடும் மெல்ல மெல்ல மாறியதே இரு இனங்களின் உருவாக்கத்துக்குக் காரணம் என்பது அந்நூலின் மையக் கருத்து. இரு தரப்பினருக்கும் இது கசப்பான மருந்து. நடை சற்றுக் கடினமானது. பொறுமையாக வாசிக்க வேண்டும்.

வரலாறு தவறாக விளக்கப்பட்டதனால் உயிரிழந்த அப்பாவிகளுக்கு அந்நூலை அவர் காணிக்கையாக்கியிருக்கிறார். அந்தப் பக்கத்தை முதன்முதலில் பார்த்தபோது என் பழைய கட்டுரை நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டுரை எவரையும் கொல்லவில்லைதான். ஆனால் ஆராயாமல் எழுதிய ஒரு வரியை ஆயிரக்கணக்கானோர் நம்பினர். 'ஒரேயொரு பிரதி எரிந்தது' என்ற கூற்றை இன்றும் புதிய எழுத்துகளில் காண்கிறேன். அவற்றுள் எத்தனைக்கு என் கட்டுரை மூலமோ தெரியாது. நூலகத்தை எரித்தவர்களின் குற்றம் இத்திருத்தத்தால் ஓர் அணுவளவும் குறையாது. அக்குற்றத்தைச் சொல்வதற்கு நாம் இல்லாததைச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

அந்த ஆசிரியர் காலமாகிவிட்டார். அவருடைய வைபவமாலையை வாசித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்னர் எனக்கென ஒரு பிரதி தேடி வாங்கினேன். அவர் அனுப்பிய தபாலட்டை இப்போது அதனுள்ளே இருக்கிறது. எரிந்த நூல்களை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், கூர வேண்டும். எரியாமல் எஞ்சியவற்றில் ஒன்றையாவது அந்நாளில் எடுத்து வாசித்தால் அந்த நினைவுகூரல் இன்னும் பொருளுடையதாகும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.