காகிதத்தின் ஆயுள்

போட்டோ என்றதும் நமக்குக் காமிரா நினைவுக்கு வருகிறது. படம் எடுத்தவர் நினைவுக்கு வருகிறார். படத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனை பேரையும் தாங்கிக்கொண்டிருக்கும் காகிதத்தை யார் நினைக்கிறார்கள்? நினைக்கத்தான் செய்கிறார்கள், படம் மங்கத் தொடங்கிய பிறகு!

இன்று வீட்டு மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் சிறு பிரிண்டர் வர்ணப் படம் அச்சிட்டுத் தருகிறது. அதற்குக் காகிதம் வாங்கப் போனால், பளபளப்பு, அரைப் பளபளப்பு, பளபளப்பே இல்லாதது என்று கடைக்காரர் அடுக்குகிறார். எது அழகு என்று எல்லோரும் கேட்கிறோம். எது நிலைக்கும் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விக்கோ நூற்றெண்பது வயசுக்கு மேலாகிறது.

இங்கிலாந்தில் லேகாக் என்ற ஊரில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட், 1839-ல் தம்முடைய முறையை உலகுக்கு அறிவித்தார். நல்ல எழுதும் காகிதத்தை உப்பு நீரில் நனைத்து, வெள்ளி நைட்ரேட் பூசி, வெயிலில் கறுக்க வைப்பதுதான் அது. அவர் வெளியிட்ட 'இயற்கையின் பென்சில்' என்ற நூலில் இப்படிச் செய்த படங்களையே ஒட்டியிருந்தார். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அந்தப் படங்களில் பல மங்கிப் போயின. மற்றவர்களின் படங்களுக்கும் இதே கதிதான். 1855-ல் லண்டன் போட்டோகிராபிக் சங்கம் இதை ஆராய ஒரு கமிட்டியே போட்டது. சரியாகக் கழுவாமல் தங்கிவிட்ட ஹைப்போ, ஈரம், நகரத்துக் காற்றிலுள்ள கந்தக வாயு ஆகியவையே குற்றவாளிகள் என்று கமிட்டி கண்டது.

இதற்குள், 1850-லேயே, பிரான்ஸில் பிளாங்கார் எவ்ரார் என்பவர் முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசிய காகிதத்தைக் கொண்டுவந்துவிட்டார். படத்துக்கு ஒரு பளபளப்பு வந்தது. பிற்பாடு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரம் இந்தக் காகிதத்துக்குப் பேர்போனது. நம் வீடுகளில் அந்தக் காலத்துப் படம் ஏதாவது மிஞ்சியிருந்தால், பரம ஆசாரமான கொள்ளுத்தாத்தா பஞ்சகச்சத்துடன் வீற்றிருப்பது பெரும்பாலும் கோழிமுட்டையின் மீதுதான். பாவம், அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை!

முட்டை எங்கும் கிடைக்கும், அடிக்காகிதம் கிடைக்கவில்லை. இரும்புத் துகள் ஒன்று கலந்திருந்தாலும் படத்தில் கரும்புள்ளி விழும். ஆகவே பிரான்ஸின் ரீவ், இன்று பெல்ஜியத்தில் இருக்கும் மால்மெடி ஆகிய இரண்டு ஊர் ஆலைகளையே தொழிலாளர்கள் பல காலம் நம்பியிருந்தார்கள்.

இன்றைய பிரிண்டர் காகிதத்திலும் சூட்சுமம் பூச்சில்தான் இருக்கிறது. ஒரு வகைப் பூச்சு இங்கைக் குடித்து வீங்கி, அதைத் தனக்குள் மூடிக்கொள்ளும். காற்று எளிதில் அண்டாது. ஆனால் காய நேரமாகும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். மற்றொரு வகை நுண்ணிய துளைகள் நிறைந்தது. உடனே காய்ந்துவிடும், ஆனால் இங்க் நுழைந்த வழியே காற்றும் நுழையும். 2000-ம் ஆண்டில் இவ்விதக் காகிதம் ஒன்றில் அச்சிட்ட படங்கள் சில வீடுகளில் சீக்கிரமே ஆரஞ்சு நிறமாகிவிட்டன. காற்றிலுள்ள ஓசோன் நீலச் சாயத்தை அரித்துவிட்டது. 1855-ல் கந்தகம், 2000-ல் ஓசோன். பெயர்தான் வேறு, எதிரி அதே காற்றுதான்.

ஆகையால் நான் கடையில் முதலில் கேட்பது பளபளப்பை அல்ல. என் பிரிண்டரில் இருப்பது நீரில் கரையும் சாய இங்கா, கரையாத நிறமித் துகள் இங்கா என்று பார்த்து, அதற்கென்று சொல்லப்பட்ட காகிதத்தையே கேட்கிறேன். நாள்பட வேண்டிய படத்துக்கு நிறமி இங்க் மேல். அச்சிட்ட படத்தை ஒரு நாள் ஆறவிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் போடுகிறேன். அடைமழை மாதங்களில் ஈரச் சுவரில் மாட்டுவதில்லை.

கைப்பேசியில் ஆயிரம் படங்கள் கிடக்கலாம். அவற்றிலிருந்து நாம் எடுத்துச் சுவரில் மாட்டுவது ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றையாவது பேரன் பேத்திகள் பார்க்க வேண்டாமா?