சாவிக்கே சாவி கொடுத்த கதை

நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்குச் ‘சாவி கொடு’ என்று சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. தகரப் பொம்மைக் காருக்கும் சாவி கொடுத்தோம். ஒருவர் சொந்தப் புத்தியில்லாமல் சண்டைக்கு வந்தால் ‘யாரோ சாவி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்’ என்றோம். அந்த வழக்கிலெல்லாம் சாவி வலுவைக் கொடுக்கும் பொருள். தனக்கென்று வலு கேட்கும் பொருள் அல்ல. கார் சாவி அதை மாற்றிவிட்டது. சில வருடங்களுக்கு ஒருமுறை மூடியை நெம்பி, பழைய பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால்தான் அது வேலை செய்கிறது. ஆகவே பேட்டரிதான் சாவியின் உயிர், அது போனால் வண்டியே போச்சு என்று பலரும் நம்புகிறார்கள். கார் சாவியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வண்டியைத் திருடனிடமிருந்து காக்கும் வேலைக்காகப் பேட்டரி சாவிக்குள் வரவில்லை. கையின் சோம்பலுக்காக வந்தது. காக்கும் வேலையைச் செய்ததும் செய்வதும் பேட்டரியே இல்லாத ஒரு சில்லு.

முதல் தலைமுறைக் கார்களில் சாவிக்குப் பெரிய வேலை இல்லை. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் சாவி மின்சுற்றை இணைத்துவிடும். கிளப்புவதற்குத் தனிப் பொத்தானோ மிதியோ இருக்கும். சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை 1949இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. இந்தக் காலம் முழுவதும் சாவியின் ரகசியம் அதன் வெட்டில் மட்டுமே இருந்தது, அதுவும் பெரிய ரகசியமில்லை. லட்சக்கணக்கில் விற்ற ஃபோர்டு டி மாடலுக்கு 1919க்குப் பிறகு வந்த சாவிகள் மொத்தம் 24 வகைதான். வெட்டு எவ்வளவு நுணுக்கமானாலும் திருடனுக்குக் கவலையில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு இரண்டு கம்பிகளைத் தொடுத்துவிட்டால் வண்டி அவனுடையது. பூட்டை உடைக்க வேண்டாம், சுற்றிக்கொண்டு போனால் போதும். 1970ஐ ஒட்டி வந்த ஸ்டியரிங் பூட்டு அவனைச் சற்றுத் தாமதப்படுத்தியது, தடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் பேட்டரி உள்ளே நுழைகிறது. தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் கருவியோடு வந்த முதல் கார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1982இன் ரெனோ ஃபுயேகோ. பால் லிப்ஷுட்ஸ் என்பவர் உருவாக்கிய அந்த அகச்சிவப்புக் கருவிக்கு அவர் பெயரைச் சுருக்கியே ‘ப்ளிப்’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் எந்தக் கம்பெனி ரிமோட்டையும் ‘ப்ளிப்’ என்றே சொல்கிறார்கள். (நம்மிடமும் ‘திறவுகோல்’ இருந்த இடத்தில் போர்த்துக்கீசியரின் ‘சாவே’ வந்து சாவியாகி உட்கார்ந்துகொண்டது, இந்தப் பொருளுக்குப் பெயரை வெளியிலிருந்து வாங்கும் ராசி போலும்.) ப்ளிப் செய்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். கதவைத் திறந்தது, மூடியது. அவ்வளவுதான். எஞ்சினைக் கிளப்ப அதே பழைய இரும்புச் சாவிதான், டேஷ்போர்டுக்கு அடியில் அதே கம்பிகள்தான். பேட்டரி வந்ததால் திருடனின் வேலை ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை.

சாவிக்குள் அடங்கும் அளவுக்குப் பேட்டரி ஒல்லியானதும் கார்க்காரர்களின் சாதனை அல்ல. கைக்கடிகாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் வளர்த்தெடுத்த லித்தியம் செல்லை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று பல ரிமோட் சாவிகளில் இருக்கும் சிஆர்2032இன் பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது. ‘சி’ என்றால் லித்தியமும் மாங்கனீசு டையாக்சைடும் சேர்ந்த வேதியியல், ‘ஆர்’ என்றால் வட்டம், 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். ஒற்றைச் செல்லே 3 வோல்ட் தரும். சும்மா கிடந்தாலும் வருடக்கணக்கில் சக்தியை இழக்காது. எப்போதாவது ஒரு நொடி அழுத்தப்படும் பொத்தானுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. பொருத்தம் என்று நான் சொல்வது அந்தப் பொத்தானுக்கு மட்டும்.

திருட்டுக்கு மறுமொழி வேறு வழியாக வந்தது. 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் காரின் சாவித் தண்டில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. 15 அளவுகளில் ஒன்று அதில் இருக்கும். சரியான அளவு இல்லையென்றால், வெட்டு பொருந்தினாலும் வண்டி கிளம்பாது. அதில் பேட்டரி இல்லை. 1990களில் ஐரோப்பாவில் பரவிய இம்மொபிலைசர் இதையே இன்னும் நுட்பமாகச் செய்தது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணி அளவில் ஒரு சில்லு. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். சாவியை நுழைத்ததும் சுருளின் காந்தப்புலமே சில்லுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகிறது; சில்லு விழித்து, தன் எண்ணைச் சொல்லி, மறுபடி உறங்கிவிடுகிறது. எண் சரியில்லையென்றால் கம்பிகளைத் தொடுத்துப் பயனில்லை. எஞ்சினுக்கு எரிபொருளோ தீப்பொறியோ போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 1995 முதல் 2008 வரையிலான நெதர்லாந்துக் கணக்கை ஆராய்ந்த வான் அவர்ஸ், ஃபொலார்ட் என்ற இரு பொருளியலாளர்கள், இந்தக் கருவியால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள்.

அதே காலத்தில் ரிமோட்டும்தானே பரவியது, குறைவுக்கு அதுவும் காரணமாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு அமெரிக்கா, யாரும் திட்டமிடாமலே, ஒரு சோதனை நடத்திக் காட்டியது. அங்கே இம்மொபிலைசர் கட்டாயமில்லை. 2015 மாடல்களில் மற்ற நிறுவனங்களின் வண்டி வகைகளில் 96 சதவீதத்தில் அது இயல்பாகவே இருந்தபோது, ஹூண்டாய், கியா வகைகளில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. விடுபட்டவற்றில் பல வண்டிகளுக்குப் பொத்தான் வைத்த ரிமோட் இருந்தது, உள்ளே பேட்டரியும் இருந்தது. 2021, 2022இல் அங்கே என்ன நடந்தது என்பது தெரிந்ததே. ஸ்டியரிங் தண்டின் மூடியைப் பிய்த்து, யூஎஸ்பி கேபிள் முனையைச் செருகித் திருப்பி, பள்ளிப் பிள்ளைகள்கூட வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். 2007 முதலே இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியிருந்த பக்கத்து நாடான கனடாவில் அதே நிறுவனங்களின் கார்கள் இந்த வித்தைக்கு மடியவில்லை. பேட்டரி இருந்தும் சில்லு இல்லாத சாவி எவ்வளவு காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பம் அறிந்தவர்களிடமிருந்து வரும். ரிமோட்டில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும் ரகசிய எண் இருக்கிறதே, அது பாதுகாப்பு இல்லையா என்பார்கள். பாதுகாப்புதான், ஆனால் எதிலிருந்து? தொடக்க கால ரேடியோ ரிமோட்டுகள் எப்போதும் ஒரே எண்ணை அனுப்பின. வாகன நிறுத்தத்தில் ஒளிந்து நின்று அதைப் பதிவு செய்து, பிறகு திரும்ப ஒலிபரப்பிக் கதவைத் திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1980களில் பிறந்த ‘கீலாக்’ போன்ற மாறும் எண் முறைகள் அந்த ஓட்டையை அடைத்தன. ரிமோட்டே இல்லாதிருந்தால் அந்த ஓட்டையும் இருந்திருக்காது. பேட்டரியில்லாச் சில்லும் குறையற்றது அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு ஒன்றின் 40 பிட் ரகசியத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005இல் உடைத்தார்கள். அது ரகசியம் குட்டையாக இருந்ததன் குற்றம். அப்போதும் சில்லோடு பேச, திருடன் சாவிக்கு மிக அருகில் வந்தாக வேண்டும்.

அந்த அருகாமையைத்தான் அடுத்த கட்டம் விற்றுவிட்டது. 1998இன் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் தொடங்கிய சாவியில்லா நுழைவு முறையில், சாவி சட்டைப்பையிலேயே இருக்கலாம். கதவைத் தொட்டால் திறக்கும், பொத்தானை அழுத்தினால் கிளம்பும். இதற்காகச் சாவி இரவும் பகலும் காரின் அழைப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். செல் சீக்கிரம் தீர்வதற்கு இது ஒரு காரணம்; பெரிய விலை வேறு. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் 8 நிறுவனங்களின் 10 மாடல்களைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் குரலை இரண்டு ஆன்டெனாக்களால் தெருவிலிருக்கும் காருக்குக் கடத்தி, பத்தையும் ஏமாற்றிவிட்டார்கள். எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. 2019இல் ஃபோர்டு ஐரோப்பாவில் கொண்டுவந்த பரிகாரம் சுவாரசியமானது. சாவி 40 நொடிகளுக்கு மேல் அசையாமல் கிடந்தால் தானே உறங்கிவிடும். பேட்டரி தந்த விழிப்புக்கு மருந்து, பேட்டரியை ஓயவைப்பது!

வசதியை அற்பமாகச் சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். கொட்டும் மழையில் கைக்குழந்தையோடு நிற்பவருக்கும், இரவில் ஆளில்லாத நிறுத்தத்துக்கு நடக்கும் பெண்ணுக்கும் தூரத்திலிருந்தே திறக்கும் கதவு பெரிய உதவி. ஒரே அழுத்தத்தில் நான்கு கதவும் பூட்டுவதால் பூட்டாமல் போகிறவர்களும் குறைந்திருப்பார்கள். நான் மறுப்பது, அந்த வசதியைப் பாதுகாப்பு என்று பெயர் மாற்றிச் சொல்வதை. அந்தப் பெயர் மாற்றத்தால்தான் செல்லைக் கழற்றினால் சாவியின் நினைவே அழிந்துவிடும் என்ற பயம் வருகிறது. சில பழைய மாடல்களில் செல் மாற்றியபின் ரிமோட்டை மறுபடி காரோடு பழக்க வேண்டியிருந்தது உண்மை. பொதுவாக ரகசிய எண் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. இம்மொபிலைசர் சில்லுக்கோ செல்லைப் பற்றிய கவலையே கிடையாது.

பொத்தான் வைத்துக் கிளப்பும் கார்களிலும் இந்தப் பழைய ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்கள் கைவிடவில்லை. பெரும்பாலான ரிமோட்டுகளின் வயிற்றில் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. கதவுக்கு அது போதும். செல் தீர்ந்த ரிமோட்டை ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிப் பிடித்தால், கார் தன் சுருளிலிருந்தே சில்லை எழுப்பி எஞ்சினைக் கிளப்ப விடும். அந்த இடம் சில வண்டிகளில் ஸ்டார்ட் பொத்தான். சிலவற்றில் ஸ்டியரிங் தண்டு. சிலவற்றில் தம்ளர் வைக்கும் குழி. உங்கள் வண்டியில் எது என்று கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள். கழற்றிய பழைய செல்லை மேசைமேல் விடாதீர்கள். தீர்ந்த செல்லும் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.