குறத்தி காட்டிய உலகப்படம்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது மேலகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் வாழ்ந்த ஊர் அது. அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பள்ளியில் செய்யுள் பகுதியாகப் படித்து, பரீட்சை எழுதி, மறந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். நானும் அப்படிப் படித்தவள்தான். அதே குறவஞ்சி வடிவத்தை எடுத்துக்கொண்டு, திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவர் ஒருவர் வேதத்தையும் வானவியலையும் புவியியலையும் ஒன்றாகப் பாடி வைத்திருக்கிறார். என் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கிய பிறகே அந்த நூலை நான் கையில் எடுத்தேன்.

நாங்கள் தென்காசியில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. கணவருக்கு அடிக்கடி ஊர் மாற்றும் வேலை. பள்ளி மாற்றி மாற்றிப் பிள்ளைகள் சோர்ந்தபோது வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தோம். மகனுக்குப் பதினான்கு வயது ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம் என்பது எண்ணம். வேதக்கோயிலில் இது தெரிந்ததும் ஆளாளுக்குப் புத்தகம் சிபாரிசு செய்தார்கள். பெங்களூரில் ஒரு குடும்பம் பயன்படுத்தி முடித்த கிறிஸ்தவ வீட்டுக்கல்விப் பெட்டி ஒன்று முதலில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் அச்சானது. நல்ல தாள், நல்ல படங்கள், நாளுக்கு நாள் என்ன படிக்க வேண்டும் என்ற அட்டவணை. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை உண்டு. ஒரு பகுதியை ஒரே தரம் வாசித்துக் காட்டிவிட்டுப் பிள்ளையை அவன் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்வது அவற்றில் ஒன்று. அந்தப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை.

ஆனால் அந்தப் பெட்டியின் இயற்கைப் பாடம் முழுக்கப் பனியும் இலையுதிர்காலமும் ஓக் மரமும்தான். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மகன் கேட்டான், "எம்மா, இதுல நம்ம ஊரு மழ எந்த மாசத்துல வருது?" வரலாற்றுப் புத்தகம் எகிப்து, கிரேக்கம், ரோம், மார்ட்டின் லூத்தர், அமெரிக்கா என்று நடந்தது. இந்தியா மிஷனரி வில்லியம் கேரியோடு இரண்டு பக்கத்தில் வந்து போனது. கேரி வங்காளத்துக்கு வந்தது 1793-இல். அதற்கு எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1706-இல், ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகியிருந்தார். என் பிள்ளைகளுக்கு அதுவல்லவா முதலில் தெரிய வேண்டும்?

கப்பலேறி வரும் பாடப்பெட்டி புதிய சங்கதியும் இல்லை. இங்கிலாந்தில் சார்லட் மேசன் 1891-இல் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தபால்வழிப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கால்வெர்ட் பள்ளி 1906 முதல் பாடங்களைப் பார்சலில் அனுப்பியது. மிஷனரிக் குடும்பங்கள் இவற்றை விரும்பி வாங்கின. கொடைக்கானலில் 1901-இல் ஹைகிளார்க் பள்ளி தொடங்கியதற்கும், பிள்ளைகளைத் தாங்களே படிப்பித்துக்கொண்டிருந்த மிஷனரித் தாய்மார்களின் கவலைதான் காரணம். அவர்களுடைய தேவை எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் ஒருநாள் பாஸ்டனுக்கோ லண்டனுக்கோ திரும்பிப் போனால் அங்கே அந்நியராக நிற்கக்கூடாது. எங்கள் பிள்ளைகள் திரும்பிப் போக வேண்டிய ஊர் வேறெதுவும் இல்லை. இதே ஊரில் அந்நியராகாமல் இருப்பதற்குத்தான் அவர்களுக்குப் பாடம் வேண்டும். அந்தப் பெட்டி கெட்டதல்ல; வேறொரு வீட்டுக்காகக் கட்டப்பட்டது.

அப்போதுதான் எங்கள் முன்னோர் எதை வைத்துப் படித்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பெத்லகேம் குறவஞ்சியின் ஒளிநகலைக் கொடுத்தார். "இத மொதல்ல படிம்மா, பொறவு மத்தத பாக்கலாம்" என்றார்.

அதைப் பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை தேவசகாயமும் புலவர். 1778 முதல் பாளையங்கோட்டைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனின் கூர்மையைக் கண்டு, பன்னிரண்டு வயதளவில் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். அங்கே அவரோடு சுவார்ட்ஸிடம் பயின்றவர் பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜி. தரங்கம்பாடிக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார்கள். கடற்கரையில் மீனும் சங்கும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஜான் ஐயர் போன்றவர்கள் இருந்த இடம் அது. ஆக வேதசாஸ்திரம், கணிதம், வானவியல் எல்லாம் சாஸ்திரியாருக்குக் கிடைத்தன. இருபது வயதை எட்டும் முன்பே தஞ்சையில் ஆசிரியராக அமர்ந்தார்.

அவர் முன்னால் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும். ஜெர்மானியர்களிடம் தான் கற்றதைத் தமிழ்க் குடும்பங்களுக்குள் எப்படிக் கொண்டுபோவது? அச்சுப் புத்தகம் அரிது. வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலர்; பெண்களில் இன்னும் குறைவு. ஆனால் கும்மியும் அம்மானையும் நொண்டி நாடகமும் குறவஞ்சியும் எல்லாருக்கும் தெரியும். அவர் அந்த வாசல்கள் வழியாக நுழைந்தார். சாஸ்திரக் கும்மி, ஞான நொண்டி நாடகம், ஞானத் தச்ச நாடகம், இவற்றுக்கெல்லாம் மேலாக 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி.

குறவஞ்சியின் கட்டமைப்பை நினைத்துப் பாருங்கள். தலைவன் உலா வருகிறான். தலைவி காதல் கொள்கிறாள், நிலவைப் பழிக்கிறாள். குறத்தி கூடையோடு வருகிறாள். தலைவி அவளிடம் உன் மலை எது, நாடு எது என்று கேட்கிறாள். குறத்தி மலைவளம், நாட்டுவளம் சொல்லிவிட்டுத்தான் கைபார்த்துக் குறி சொல்லுவாள். பிறகு குறவன் பறவை பிடிக்க வருகிறான். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி, சிங்கி, சிங்கன். சாஸ்திரியார் நூலில் தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி, அதாவது திருச்சபை. கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற நூல் அமைப்பு இது. நிலவைப் பார்த்துப் பேசலாம், நாடுகளை வரிசைப்படுத்தலாம், உயிரினங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பாடம் சொல்ல இதைவிட வசதியான கூடு கிடைக்குமா? அதனால்தான் கோப்பர்நிக்கஸின் சூரிய மண்டலமும் உலகப் புவியியலும் அந்த நூலுக்குள் தடையில்லாமல் வந்து உட்கார்ந்தன. சரபோஜி மன்னரும் இதைக் கண்டுகொண்டார். மராத்தியில் அவர் ஆக்கிய தேவேந்திரக் குறவஞ்சியில் குறத்தி சொல்வது உலகத்து நாடுகளின் புவியியலைத்தான். ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவர்கள், ஒருவர் அரசர், ஒருவர் சபைக் கவிராயர், இருவருமே குறத்தியின் கையில் உலகப்படத்தைக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் இதைவிட என்னை மகிழ்வித்த செய்தி வேறில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் குறவஞ்சி முறையை நடத்திப் பார்த்தேன். முதலில் கவிராயரின் மலைவளம். கோயிலையும் குற்றாலநாதரையும் பற்றிய இடங்கள் வரும்போது, இது அவர் விசுவாசம், மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சிங்கனின் பறவைப் பட்டியலை வைத்துக்கொண்டு குளக்கரையில் நின்று எந்தப் பறவை தெரிகிறது என்று அடையாளம் போட்டார்கள். பிறகு சாஸ்திரியார். அவருடைய தமிழ் கடினம். வடமொழிச் சொற்கள் அதிகம். மகளுக்குப் பாதி புரியாது. ஆனால் மெட்டு பிடித்துக்கொண்டது. கீர்த்தனைப் புத்தகத்தில் அவள் ஞாயிறுதோறும் பாடும் சில பாட்டுகளும் இவருடையவையே என்று சொன்னபோது, தெரிந்த மாமா ஒருவரைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தாள்.

அச்சுப் புத்தகம் எங்கள் பக்கத்தில் வலுவாக வந்தது மிஷனரி ரேனியஸ் ஐயரோடு. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1838-இல் அங்கேயே மரித்தார். கிராமந்தோறும் பள்ளி வைத்தார், பெண்பிள்ளைகளையும் சேர்த்தார். 1832-இல் அவருடைய பூமி சாஸ்திரம் அச்சாயிற்று. தமிழில் அச்சான முன்னோடிப் புவியியல் நூல்களில் ஒன்று. குறவஞ்சியில் பாட்டாக இருந்தது இங்கே உரைநடையானது. சிறுவர் இதழ்களும் தொடர்ந்தன. 1840-இல் நாகர்கோவிலிலிருந்து பால தீபிகை, 1849-இல் பாளையங்கோட்டையிலிருந்து சிறுபிள்ளையின் நேசத் தோழன். 1858-இல் உருவான சங்கமொன்று, இன்று கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று நாம் அறிவது, பள்ளிப் புத்தகங்களைப் பெருவாரியாக அச்சிட்டது.

சீகன்பால்கு பழகியதுபோல் மணலில் எழுதுவதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதியை 1789 முதல் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் விடுதியில் அதைப் புகுத்தினார். மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாக்கினார். அது இங்கிலாந்து முழுக்கப் பரவி மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது. அந்த அமெரிக்கப் பெட்டியோடு வந்த துணைக்கருவிகளில் ஒரு மணல்தட்டும் இருந்தது! அதற்குத் தனி விலை, தனிக் கையேடு. நான் சிற்றாற்று மணலைச் சலித்துத் தாம்பாளத்தில் பரப்பினேன். மகன் தங்கைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். அவனுடைய கையெழுத்தும் அதிலேயே திருந்தியது.

களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற டோனாவூரையும் நினைக்கிறேன். ரேனியஸ் காலத்தில் உதவிய டோனா பிரபுவின் பெயர் கொண்ட ஊர். 1901 முதல் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே ஆபத்திலிருந்த பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தார். அவர்களெல்லாம் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். பள்ளியும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. பிள்ளைகளுக்காக அவரே பாட்டெழுதினார். 1917-இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் இடம் வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனார். அயர்லாந்திலிருந்து வந்த அம்மையாருக்கே இந்த மலை பாடப்புத்தகமாகத் தெரிந்திருக்கிறது. குற்றாலத்துக்குப் பக்கத்திலிருந்துகொண்டு நான் ஓக் இலையை ஒட்டச் சொல்லிக்கொண்டிருக்கலாமா?

சாஸ்திரியாரைக் கொண்டாடுகிறபோது மறைக்கக்கூடாதது ஒன்று உண்டு. 1820-களில் தஞ்சைச் சபையில் புதிய மிஷனரிகள் சாதிப் பாகுபாட்டை ஒழிக்க முற்பட்டபோது, அவர் சாதியாசாரத்தின் பக்கம் நின்று வாதாடினார். தமிழிசைக்காகவும் அதே காலத்தில்தான் வாதாடினார். இசையில் அவர் சொன்னது சரி. சாதியில் அவர் செய்தது தவறு. கர்த்தருடைய பந்தியில் தனி இடம் கேட்பதற்கு எந்தப் பாட்டும் ஈடாகாது. மகனிடம் இதை மழுப்பாமல் சொன்னேன். திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் செய்த பெரிய காரியம், திண்ணையில் ஏற முடியாத பிள்ளைகளுக்குப் பெஞ்சு போட்டதுதான். வீட்டில் படிப்பிக்கிற நாங்கள் இதை மறந்தால், வீட்டுச் சுவரே புதிய திண்ணையாகிவிடும். அதனால் சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வரலாம். வேதக்கோயில் பிள்ளைகளும் வருகிறார்கள், பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். மணல்தட்டு எல்லாருக்கும் பொது.

இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் எல்லாம் கலந்து இருக்கின்றன. கணிதத்துக்குச் சமச்சீர்ப் புத்தகம், ஆங்கிலத்துக்கு அமெரிக்கப் பெட்டியின் வாசிப்பு நூல்கள், வசனங்களுக்கு ஓய்வுநாள் பள்ளிப் புத்தகம். புவியியலுக்கு மட்டும் புத்தகம் வைக்கவில்லை. குற்றாலத்தில் விழுகிற சிற்றாறு தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்த வழியைப் பிள்ளைகள் படமாக வரைகிறார்கள். மகள் குறத்தி வேடம் போட்டு ஒவ்வொரு ஊராகப் பாட்டில் சொல்ல வேண்டும், மகன் கேள்வி கேட்க வேண்டும். தென்காசிவரை பாட்டு முடிந்திருக்கிறது. வேதத்தில் வரும் யோர்தான் நதியை எந்த இடத்தில் நுழைப்பது என்பதில் இருவருக்கும் சண்டை நடக்கிறது. சீவலப்பேரிச் சங்கமத்துக்குப் பிறகுதான் என்கிறான் மகன், குற்றாலத்திலேயே தொடங்க வேண்டும் என்கிறாள் மகள்.