மூலமும் உரையும் விளைவும்

ஓலையில் எழுதியவருக்குத் தடித்த எழுத்தில்லை, சாய்ந்த எழுத்தில்லை. செய்யுளும் உரைநடையும் ஒரே வரியாக ஓடின. சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கமும் இல்லை; மெய்யெழுத்திற்குப் பெரும்பாலும் புள்ளியும் இராது. அத்தகைய ஏட்டில் நூலாசிரியர் கூற்று எது, உரையாசிரியர் கூற்று எது, பிற நூலினின்று வந்த மேற்கோள் எது என்று காட்டுவது எங்ஙனம்? உரையாசிரியர்கள் எல்லைக்கல்லையும் எழுத்தாலேயே நட்டனர். பொருள் கூறி முடித்த இடத்தில் 'என்றவாறு' என்றனர். அதுவே சுருங்கி 'எ-று' ஆயிற்று. சித்தியவானில் இலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர் பழைய உரையைத் திறந்தால் இக்குறியை இன்றும் காணலாம். அலங்காரமன்று அது, உரை இங்கே முடிந்தது என்னும் அறிவிப்பு.

எல்லை மங்கிய இடங்களில் பதிப்பாசிரியர் பட்ட பாடு சிறிதன்று. 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கற்கப் புகுந்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் 'என்றார் பிறரும்' என்ற அளவில் நிற்கும் மேற்கோள்களைக் கண்டு திகைத்தார். அப்பிறர் யாவர்? அவ்வடிகளின் இருப்பிடத்தைத் தேடிச் சென்ற தேட்டமே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. சிந்தாமணி 1887-இலும் பத்துப்பாட்டு 1889-இலும் அச்சேறின. மேற்கோள் முடியும் இடத்தை உரைகாரர் காட்டினார், பெயரைச் சொல்லவில்லை. பாதிக் குறியே இத்துணை வேலை வாங்கிற்று!

இதே இடர் கணினியுலகில் வேறு வடிவில் எழுந்தது. 1984-இல் டொனால்டு நூத் என்னும் அமெரிக்க அறிஞர், நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே நூலாக எழுதும் முறையை முன்வைத்தார். நிரல் மூலம், விளக்கம் உரை. பின்வந்தோர், நிரலை இயக்கிப் பெற்ற விளைவையும் அதே கோப்பில் இடலாயினர். கோப்போ ஓலையைப் போன்று வெறும் எழுத்தாலானது. குறியின்றி விட்டால், இயந்திரம் தந்த எண்ணை ஆசிரியரே எழுதியதாகப் படிப்பவர் கொள்வர். நிரலை மீண்டும் இயக்கும்போது பழைய விளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினிக்கும் தெரியாது. அதை நீக்கிப் புதியதை வைக்க இயலாது.

2003-இல் கார்ஸ்டன் டொமினிக் தொடங்கிய ஆர்க் முறையில் இதற்கு எளிய வழி உண்டு. நிரற்பகுதியின் கீழே விளைவு என்று அறிவிக்கும் தலைப்பு வரி ஒன்று வரும். சிறிய விளைவாயின், அதன் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு முக்காற்புள்ளியும் ஓர் இடைவெளியும் நிற்கும். நீண்டதாயின், தொடக்கமும் முடிவும் சொல்லும் இரு வரிகளுக்கிடையே அது அடைக்கப்படும். முன்னது வரிதோறும் நடும் கல். பின்னது 'எ-று'வுக்கு நெருங்கிய உறவு. ஒன்று மட்டும் வேறுபாடு: ஏட்டை மீண்டும் படியெடுத்தவர் எல்லைக்குறியைத் தவறவிட்டால் அடுத்த படியிலும் அப்பிழை தொடரும், இங்கோ, குறி இருக்கும் வரையில் விளைவை எத்தனை முறையும் புதிதாகப் பெற்றுக்கொள்ளலாம்.